பாஸ்போர்ட் சைஸ் மாரியோ

பாபநாசம் கடைத்தெருவில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், தொண்ணூறுகளில் அதே இடத்தில் இரண்டு டிவிப் பெட்டி போட்டு, மணிக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு எங்களை டிவி கேம் ஆட விட்டவர். போன மாதம் சார்ஜர் வாங்கப் போனேன். பேச்சு எப்படியோ மாரியோவில் போய் நின்றது. கேம் பாய் என்ற கைக்கருவியில் வந்த மாரியோவைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதுதான் தாமதம், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, மாரியோன்னா டிவில ஆடுனதுதான். கையில வச்சு ஆடச் சொல்லி ஒண்ணு விட்டானே, அது மாரியோவோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. மூஞ்சி இருக்கும், ஆள் இருக்கமாட்டான்."

சிரித்துவிட்டேன். நல்ல வசனம்தான். வசனம் நன்றாக அமைந்துவிட்டால் தப்பான கருத்துக்கும் ஆயுசு கெட்டி. நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்கள் பலரும் இதையேதான் வேறு வேறு சொற்களில் சொல்கிறார்கள். டிவிக்குச் செய்தது ஒரிஜினல், கைக்கு அடக்கமாக வந்தது வெட்டிச் சுருக்கிய நகல், வசதிக்காக ஆடலாம், மரியாதை கொடுக்க வேண்டியதில்லை என்கிறார்கள். உலகம் முழுக்க இந்தப் பேச்சு உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் சொன்னால் அதில் பாதி நியாயமாவது இருக்கலாம். பாபநாசத்துக்காரர் சொன்னால் கால்வாசிகூட இல்லை என்பது என் கட்சி.

எதிர்க்கட்சிக்குச் சேரவேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்காக வந்தது. ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தது, கோஜி கோண்டோ இசை. மொத்தமும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' படம் அதைவிடப் பெரிது. அதன் கையடக்க வடிவம், சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ், 1999-இல் கேம் பாய் கலருக்கு வந்தது. ஃபேமிகாமின் படம் 256-க்கு 240 புள்ளி. கேம் பாய் கலரின் திரை 160-க்கு 144. மாரியோவின் உலகம் பதினாறு புள்ளிச் சதுரங்களால், அதாவது ஒரு செங்கல் அளவுக் கட்டங்களால் ஆனது. டிவியில் அகலத்துக்குப் பதினாறு கட்டம், உயரத்துக்குப் பதினைந்து. கேம் பாயில் பத்துக்கு ஒன்பது. ஆளையும் செங்கல்லையும் சிறிதாக்கவில்லை; கண்ணில் படும் பரப்பைத்தான் குறைத்தார்கள். எட்டில் மூன்று பங்குக்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை.

இது விளையாட்டைப் பாதிக்காதா? பாதிக்கும். முழு வேகத்தில் ஓடும் மாரியோ விநாடிக்கு ஒன்பது கட்டத்துக்கு மேல் கடக்கிறான். பத்துக் கட்டத் திரையில் அவன் நடுவில் நின்றால் முன்னால் ஐந்தே கட்டம். அரை விநாடி. எதிரே வரும் ஆமையையோ பீரங்கிக் குண்டையோ பார்த்து முடிவெடுக்க அவ்வளவுதான் நேரம். உயரமான இடத்திலிருந்து குதித்தால் கீழே தரை இருக்கிறதா, பள்ளமா என்பதும் தெரியாது. மேலும் கீழும் எட்டிப் பார்க்கத் திரையை நகர்த்தும் வசதி வைத்தார்கள் என்றாலும், ஓடிக்கொண்டிருக்கிறவன் எங்கே எட்டிப் பார்ப்பது? அண்ணன் இதைச் சொல்லியிருந்தால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். அவர் சொன்னது வேறு. 'டிவியில் ஆடியதுதான் மாரியோ' என்றார். அங்கேதான் வம்பு.

எந்த டிவி? எந்த மாரியோ?

எங்கள் ஊருக்கு ஃபேமிகாம் வந்ததே இல்லை. வந்தது அதன் நகல். அட்டைப்பெட்டியில் என்னென்னவோ பெயர் இருக்கும்; நாங்கள் பொதுவாக 'டிவி கேம்' என்போம். மஞ்சள் கேசட் ஒன்று, மேலே '9999999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே உண்மையில் இருப்பது ஐந்தாறு விளையாட்டு. அதையே வெவ்வேறு பெயரில், வெவ்வேறு ஸ்டேஜிலிருந்து ஆரம்பிக்கவைத்துப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். ஒன்பது ஒன்பதாக எண்ணிப் பார்த்து ஏமாந்த முதல் கணக்குப் பாடம் எனக்கு அதுதான். கும்பகோணத்தில் ஒரு கடையில் வாங்கிய கேசட் மூன்றாம் நாளே வேலை செய்யவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், ஊதிப் போடத் தெரியாத பையன் என்று அப்பாவிடம் என்னைக் காட்டிக் கொடுத்தார் கடைக்காரர். இந்த மாதிரிக் கேசட்டுகள் பலவற்றில் முகப்பிலிருந்த நின்டெண்டோ பெயரையே அழித்திருப்பார்கள். செய்தவன் பெயர் இல்லாத ஒன்றை ஒரிஜினல் என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அது போகட்டும், பெயரில் என்ன இருக்கிறது. வேகத்துக்கு வருவோம். ஜப்பான் டிவி விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். மாரியோவின் ஓட்டம், குதிப்பு, பாட்டு, கடிகாரம் எல்லாமே அந்த அறுபதை எண்ணி எழுதப்பட்டவை. அன்றைய நம் நாட்டு டிவி பால் (PAL) முறை, விநாடிக்கு 50. நம் பெட்டிகளுக்கென்று செய்த நகல் கேம்கள் ஐம்பதில்தான் ஓடின. உள்ளே போட்ட கேசட்டோ அறுபதுக்கு எழுதியது. விளைவு, எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிட்டது. திரையின் மூலையில் 400 என்று தொடங்கி இறங்குமே அந்த நேரக் கணக்கு, அது ஜப்பானில் 160 விநாடியில் தீரும். நமக்கு 192. முப்பத்திரண்டு விநாடி இனாம். பாட்டும் அதே கணக்கில் இழுத்துக்கொண்டு போனது. நமக்கெல்லாம் மனப்பாடமான அந்த மாரியோ பாட்டு, கோண்டோ வைத்த காலப்பிரமாணத்தில் இல்லை.

இதற்குச் சாட்சி அண்ணனே. சில வருடம் முன்பு யாரோ ஒரு பையன் பழைய மாரியோவைச் செல்போனில் ஏற்றிக் காட்டியிருக்கிறான். அறுபது வேகம், அச்சு அசலாக ஜப்பானில் ஓடியபடி. அண்ணன் இரண்டு நிமிடம் ஆடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். "ஸ்பீடு ஏத்தி விட்டிருக்கானுங்க, ஒரிஜினல் மாதிரி இல்ல." ஒரிஜினலைக் கையில் கொடுத்தபோது அதைப் போலி என்று தள்ளியவர்தான், ஒரிஜினலுக்காக இன்று என்னிடம் வழக்காடுகிறார்.

நிறத்துக்கும் வருவோம். எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஆண்டெனா வயரைக் கழற்றி, கேம் வயரைச் செருகி, சானல் குமிழைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்த படத்தில் லேசாகப் புழுதி பறக்கும். மாரியோவுக்கும் லூயிஜிக்கும் அந்த விளையாட்டில் உருவம் ஒன்றே, நிறம்தான் வேறு. அந்தக் கறுப்பு வெள்ளைப் புழுதியில் எங்கள் கண்ணுக்கு இரண்டு பேரும் ஒரே ஆள். "இது என் ஆட்டம்டா", "உன் ஆளு இப்பதான் செத்தான்" என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்ளும் சண்டை எங்கள் திண்ணையில் நடக்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பூவைத் தொட்டால் ஆள் நிறம் மாறுவான் என்பதைப் பெரியப்பா வீட்டுக் கலர் டிவியில்தான் கண்டுபிடித்தேன். அதுவரை அவன் திடீரென்று ஏன் நெருப்பு துப்புகிறான் என்பது எனக்குப் புதிராகவே இருந்தது.

ஆக, எங்களுக்குக் கிடைத்தது வேகம் குறைந்த, நிறம் போன, பெயர் அழிந்த ஒரு மாரியோ. அதில் எனக்கு வருத்தமே இல்லை. அதுதான் என் பால்யம். ஆனால் அதை மூலம் என்று பீடத்தில் ஏற்றிவிட்டு, இன்னொன்றைப் பார்த்து 'நகல்' என்று விரல் நீட்டினால் சிரிப்புத்தான் வருகிறது.

அந்த இன்னொன்று எங்கள் பக்கத்துக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாபநாசத்தை ஒட்டி ராஜகிரி, பண்டாரவாடை. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று சபர் போன ஊர்கள். 2000-ஆம் ஆண்டு பண்டாரவாடையிலிருந்து வரும் என் வகுப்புத் தோழனுக்கு அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து கேம் பாய் கலர் வாங்கி வந்தார். கோடாலித் தைலத்துக்கும் கைலிகளுக்கும் நடுவில் சுருட்டி வைத்திருந்த ஊதா நிறப் பெட்டி. இரண்டு பென்சில் கட்டை போட்டால் ஓடும். திரைக்கு உள்ளே விளக்கு கிடையாது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படம் தெரியும். உள்ளே டீலக்ஸ் மாரியோ. முகப்பில் நின்டெண்டோ பெயர். முழு நிறம். வேகம் விநாடிக்குக் கிட்டத்தட்ட அறுபது. மியாமோட்டோ நினைத்த வேகத்தில் மாரியோ ஓடுவதை எங்கள் தாலுகாவில் நான் முதன்முதலாகப் பார்த்தது, அண்ணன் சொல்லும் அந்தப் பாஸ்போர்ட் சைஸ் திரையில்தான்.

பாஸ்போர்ட் போட்டோ என்பது ஏன் மார்போடு நிற்கிறது? அது எல்லை கடப்பதற்கான படம். முழு உருவம் வேண்டுமென்றால் ஸ்டூடியோவில் எடுத்துச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். விமானம் ஏற முடியாது. இதை ராஜகிரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெல்லும் அப்படித்தான்: குறுவையைக் குறைந்துபோன சம்பா என்று டெல்டாவில் எவனாவது சொன்னால், அவன் வயலில் இறங்கியதில்லை என்றுதான் பொருள்.

திரையை வெட்டியது சோம்பேறித்தனம் அல்லவா என்று கேட்கலாம். வெட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு நின்டெண்டோவே விடை கொடுத்தது. 2004-இல் அதே பழைய மாரியோவை, எதையும் விடாமல், அப்படியே கேம் பாய் அட்வான்ஸில் கொண்டுவந்தார்கள். அதன் திரை 240-க்கு 160. படத்தின் உயரத்தை அந்த 160 வரிக்குள் அமுக்கியதில் மாரியோ குட்டையாகிப்போனான். உச்சந்தலையில் யாரோ கையை வைத்து அழுத்தியதுபோல் ஒரு நசுங்கல். ஒன்றையும் இழக்கமாட்டேன் என்கிற பிடிவாதம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கெடுத்துவிட்டது. 1999-இல் செய்தவர்களுக்கு எதை விடக்கூடாது என்று தெரிந்திருந்தது. ஆளின் பருமன், குதிப்பின் வளைவு, காலுக்கடியில் செங்கல் இருக்கும் அந்த நிச்சயம், இவற்றைத் தொடவில்லை. வானத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

இன்னொன்று. முதல் சூப்பர் மாரியோ வந்து பதினான்கு ஆண்டு கழித்து வந்தது டீலக்ஸ். அதை வாங்கியவர்களில் பலர் 1-1-ஐ, அதாவது முதல் உலகத்தின் முதல் ஸ்டேஜை, கண்ணை மூடிக்கொண்டு ஆடக்கூடியவர்கள். கரண்ட் கட் ஆன ராத்திரியில் நம் தெருவில் நாம் நடப்பதில்லையா? எந்த வீட்டுப் படி தெருவில் நீட்டிக்கொண்டிருக்கிறது, எங்கே சாக்கடைக் கல் ஆடும் என்று காலுக்குத் தெரியும். டார்ச் வெளிச்சம் ஐந்தடி தூரம் விழுந்தால் போதும். புதிதாக ஊருக்கு வந்தவன்தான் தெருவிளக்கு கேட்பான். பத்துக் கட்டத் திரையில் ஆடியபோது எனக்கு நேர்ந்தது இதுதான். கண் செய்துகொண்டிருந்த வேலையைக் கட்டைவிரல் எடுத்துக்கொண்டது. மூன்றாவது குழாய் தாண்டி நாலாவது, அதன்பின் பள்ளம் என்று ஸ்டேஜின் வரைபடம் எனக்குள் இவ்வளவு துல்லியமாக இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

புதிதாக வந்தவனுக்கு அது கடினம், ஒப்புக்கொள்கிறேன். அவனுக்காகத்தான் செத்தால் முதலிலிருந்து என்ற தண்டனையை எடுத்தார்கள். டீலக்ஸில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கலாம். இதைக் கேட்டதும் பழைய ஆட்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்: "சேவ் பண்ணி ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா?" ஐயா, நாம் இருந்தது எந்த ஊர்? 7-3-இல் பாலத்தின்மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும் ஊர். ஃபேமிகாம் மாரியோவில் நினைவு கிடையாது. மின்சாரம் போனால் நீங்கள் தாண்டிய எல்லாமும் போயிற்று. கரண்ட் இருந்தாலும் டிவி நமக்கில்லை. கிரிக்கெட், ஞாயிற்றுக்கிழமைப் படம், பாட்டியின் சீரியல் எல்லாம் போக மிச்சம்தான் மாரியோவுக்கு. அண்ணன் கடையிலோ மணிக்கணக்கு. நேரம் முடிந்தால் மாரியோ பாதிக் குதிப்பில் இருந்தாலும் கை நீட்டிச் சுவிட்சை அணைத்துவிடுவார். அந்தக் கைதான் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது, மோதிரத்தோடு.

அப்படியானால் ஒரிஜினல் ஒரிஜினல் என்கிற நம்மில் எத்தனை பேர் அதன் கடைசி ஸ்டேஜைப் பார்த்தோம்? எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு, மொத்தம் 32 ஸ்டேஜ். ஒவ்வொரு கோட்டையின் முடிவிலும் இளவரசி இருப்பாள் என்று போவோம். காளான் தொப்பி போட்ட ஒருவன் நின்றுகொண்டு இங்கே இல்லை, வேறு கோட்டைக்குப் போ என்பான். என் வகுப்பில் நான் அறிந்தவரை ஒருவனும் இளவரசியைப் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்னவர்கள் சொன்ன அடையாளங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பாதியில் நின்ற புத்தகத்தை வைத்துக்கொண்டு, முழுதும் படிக்கக் கொடுத்த பதிப்பைப் பார்த்துச் 'சுருக்கம்' என்கிறோம்.

டீலக்ஸ் முழுதும் கொடுத்ததோடு நிற்கவும் இல்லை. தெரிந்த அதே ஸ்டேஜ்களில் ஐந்து சிவப்புக் காசும் ஒரு யோஷி முட்டையும் ஒளித்துவைத்துத் தேடச் சொன்னது. இத்தனை வருடம் ஓடிக் கடந்த இடத்தில் நின்று சுற்றிப் பார்க்கவைத்தது அதுதான். ஒரு பேயோடு ஓட்டப்பந்தயம் வைத்தது. மூன்று லட்சம் புள்ளி எடுத்தால், ஜப்பானில் 1986-இல் டிஸ்க் வடிவில் வந்து மற்றவர் கைக்கு அந்நாளில் எட்டாமல் போன இரண்டாம் மாரியோவையும் திறந்துவிட்டது. அந்த இரண்டாம் மாரியோவின் கடைசி உலகங்களை மட்டும் விட்டுவிட்டார்கள், அது உண்மையிலேயே வெட்டு. அண்ணன் அதைப் பிடித்திருந்தால் நான் பதில் இல்லாமல் நின்றிருப்பேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

பெரிய திரை மூலம், சிறிய திரை குறை என்ற சூத்திரமே உடைகிற இடம் ஒன்று உண்டு. மாரியோ முதன்முதலில் குதித்தது 1981-இல், டாங்கி காங் என்ற காசு போட்டு ஆடும் பெட்டியில். அதில் நான்கு ஸ்டேஜ். 1983-இல் அதை ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தபோது ஒரு ஸ்டேஜ் காணாமல் போயிற்று. மூன்றே மூன்று. உலகில் பலர் 'ஒரிஜினல் டாங்கி காங்' என்று நினைவில் வைத்திருப்பது டிவிக்கு வந்த இந்த மூன்று ஸ்டேஜைத்தான். 1994-இல் கேம் பாய்க்கு அதே பெயரில் ஒன்று வந்தது. நான்கு பழைய ஸ்டேஜும் முடிந்ததும், இனி முடிந்தது என்று நாம் வைத்துவிடப் போகும் நேரத்தில், டாங்கி காங் குரங்கு மறுபடி பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடும். பின்னால் இன்னும் 97 ஸ்டேஜ். இதில் எது நகல், எது குறை?

எதிர்க்கட்சியிடம் ஒரே ஒரு நல்ல வாதம் மிச்சம் இருக்கிறது. கூட்டம். டிவி முன்னால் ஒருவன் ஆட ஐந்து பேர் கத்துவோம், "குதி, குதி, காளான்டா." கேம் பாய் தனியாள் சமாசாரம். இதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் கேசட்டுக்குள் இல்லை. ஒரு தெருவுக்கு ஒரு டிவி கேம் இருந்த காலத்தின் கூட்டம் அது. கேரம் போர்டு இருந்திருந்தால் அதைச் சுற்றியும் அதே ஐந்து பேர்தான். பள்ளியில் மதிய இடைவேளையில் என் தோழன் அந்தப் பெட்டியை வெளியே எடுத்தால் அவன் தோளில் இரண்டு மோவாய், தலைக்குமேல் மூன்று தலை. வெயில் திரையில் விழும்படி எல்லோரும் சேர்ந்து நகர்வோம், பந்தல்காலைச் சுற்றி வரும் நிழல்போல.

ஒரு சனிக்கிழமை அதை இரவல் வாங்கினேன். இரண்டு புதுக் கட்டை போட்டுத் தர வேண்டும் என்ற ஒப்பந்தம். கும்பகோணத்தில் அத்தை வீடு. பாசஞ்சரில் ஜன்னலோர இடம். சேமித்து வைத்திருந்த ஆட்டம் கடைசி ஸ்டேஜான 8-4-க்கு வந்திருந்தது. சுந்தரப்பெருமாள்கோவில் தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டி மரங்கள். நிழல் விழும்போதெல்லாம் திரை செத்துவிடும், வெயில் வரும்போது உயிர் வரும். இரண்டு வெயிலுக்கு நடுவில் குருட்டாம்போக்கில் குதித்தேன். பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு எதிரில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார், "என்ன தம்பி, ஏறுனதுலேர்ந்து கண்ணாடியே பாத்துக்கிட்டு வர்ற?" பதில் சொல்லவில்லை. டிராகனுக்கு அடியில் பாலம் அறுந்து அது நெருப்பில் விழுந்தபோது வண்டி தாராசுரத்தில் நின்றிருந்தது.

இவ்வளவையும் அன்று அண்ணனிடம் சொன்னேன், இத்தனை ஒழுங்காக இல்லாவிட்டாலும். ஐம்பது, அறுபது கணக்கைச் சொன்னபோது, "அதெல்லாம் நீ சொல்ற" என்றார். டாங்கி காங் கதையை அவர் கேட்டதாகவே தெரியவில்லை. நடுவில் ஒருவர் டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்துவிட்டார். ஒட்டி முடித்து, ஓரத்துக் காற்றுக்குமிழை நகத்தால் நீவி வெளியேற்றி, எனக்குச் சார்ஜர் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்டார்.

"ஆமா, 8-4 முடிச்சேன்னியே. கடைசில அந்தப் பொண்ணு வர்றாளா, இல்ல அங்கயும் அந்தக் காளான் தலையன்தானா?"